படுத்துக் கிடக்கும் வளைவு

டெல்லியில் ஹுமாயூன் கல்லறையைப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தோட்டத்து மேற்கு வாசலின் வளைவு 450 வருடமாக நிற்பதைக் கூடப் புரிந்துகொள்ளலாம். நாலாபுறமும் மண் நெருக்கும் பழைய கிணறு எப்படி உள்ளே சரியாமல் இருக்கிறது?"

இரண்டையும் நிற்க வைப்பது ஒரே சூத்திரம்தான். கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, பள்ளியில் படித்ததுதான். வாசல் வளைவில் மேலிருக்கும் பாரம் கற்களை ஒன்றோடொன்று இறுக்குகிறது. ஆனால் வளைவுக்கு இரண்டு கால்கள் உண்டு. அவை வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். அதனால்தான் வாசலின் இருபுறமும் அவ்வளவு தடித்த சுவர்.

அந்த வளைவை அப்படியே படுக்கப்போட்டு, நுனியும் நுனியும் சேரும்வரை வளைத்துவிடுங்கள். கிணறு! கால்களே இல்லாததால் விலகிப்போக இடமில்லை. மேலிருந்து அழுத்திய பாரத்துக்குப் பதில் சுற்றிலும் மண். செங்கல் கிணறானால் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சாந்தைக் கவனியுங்கள்: உள்முகத்தில் மெலிந்து, மண் பக்கம் தடித்திருக்கும். செங்கல் நேராக இருந்தாலும், சாந்து அதை ஆப்பாக்கிவிடுகிறது. அகன்ற பக்கம் வெளியே இருக்கும்போது ஆப்பு எப்படி உள்ளே நழுவும்? ஆழம் கூடக்கூட மண்ணின் நெருக்கமும் கூடும், வட்டமும் இன்னும் இறுகும். விட்டம் இரட்டித்தால் சுவரில் விழும் அமுக்கமும் இரட்டிக்கும் என்பதால் பெரிய கிணற்றுக்குத் தடித்த சுவர் வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கிணறு என்றாலே பலி கொடுத்த கதை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பலியெல்லாம் வேண்டாம், வட்டம் போதும்.

நேர்ச்சுவருக்கு இந்தச் சலுகை கிடையாது. பக்கத்திலேயே, நிஜாமுதீன் தர்காவை ஒட்டி 14ஆம் நூற்றாண்டின் செவ்வகப் படிக்கிணறு இருக்கிறது. 2008இல் அதன் சுவரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, பிறகு சீரமைத்தார்கள்.

வட்டத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. எல்லாப் பக்கமும் நெருக்கம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆலமர வேர் துளைத்தாலோ லாரி நின்றாலோ வட்டம் நசுங்கும், கல்லுக்குப் பிடிக்காத இழுவை வந்துவிடும்.

ஹுமாயூன் தோட்டத்துச் சீரமைப்பு 2003இல் முடிந்தபோது, பழைய கிணறுகளையும் தேடித் தூர்வாரியிருந்தார்கள். பின்னாளில் கல்லறையின் கூரையில் முந்தைய தலைமுறை கொட்டியிருந்த சுமார் 10 லட்சம் கிலோ சிமென்ட் கான்கிரீட்டைக் கைக்கருவிகளாலேயே அகற்றினார்கள். என் கட்சி இதுதான்: குவிமாடத்துக்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது கிணற்றுக்கும் போக வேண்டும். பெரும்பாலான ஊர்களில் பழைய கிணற்றுக்குக் கிடைக்கும் பராமரிப்பு, மேலே ஓர் இரும்புக் கம்பி வலை. அப்புறம் அதற்குள் பிளாஸ்டிக் பாட்டில்.