குமிழ் காட்டும் வரம்பும் சுற்று தாங்கும் வரம்பும்

மின்வழங்கியின் குமிழைத் திருகி, மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியரைத் தாண்டாதபடி வரம்பு வைத்துவிட்டுத்தான் அந்த மாணவன் எல்இடியை இணைத்தான். மின்வழங்கி ஏற்கெனவே 12 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி முனை தொட்டதும் நீல வெளிச்சம் ஒருமுறை பளிச்சிட்டு அணைந்தது. பிறகு எரியவே இல்லை. "சார், வரம்பு சரியாகத்தானே வைத்தேன்?" என்று மீட்டரையும் குமிழையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் வைத்தது சரிதான். எல்இடியைக் கொன்றது, வரம்புச் சுற்றைத் தாண்டி வெளியீட்டு முனைகளுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்த 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. அதில் 12 வோல்ட் நிரம்பியிருந்தது. அது எல்இடிக்குள் கொட்டியபோது தடுக்க நடுவில் எதுவும் இல்லை.

மின்வழங்கிகளை வடிவமைப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். என் மேசைக்கு வரும் மின்னோட்ட வரம்புச் சுற்றுகளில் பெரும்பாலானவை, எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாளில் ஒழுங்காகவே வேலை செய்கின்றன. ஆனால் ஒழுங்கு கெடும் நாளுக்காகத்தானே இந்தச் சுற்றைக் கட்டுகிறோம்? அந்த நாளிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை எளியது. சுமையின், அதாவது மின்சாரம் வாங்கும் கருவியின், வழியாக வரும் மின்னோட்டம், குழாய் போலத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரைக் கடந்து, ஒரு சிறிய அளவீட்டு ரெசிஸ்டர் வழியாகத் தரைக்கு, அதாவது சுற்றின் சுழிய வோல்ட் முனைக்கு, போகிறது. அந்த ரெசிஸ்டரில் எழும் வோல்ட்டை ஆப் ஆம்ப் என்ற ஒப்பிடும் சில்லு, குமிழால் திருகும் பொட்டென்ஷியோமீட்டர் தரும் வோல்ட்டோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும் வரை மாஸ்ஃபெட்டின் கேட் என்ற கட்டுப்பாட்டு முனையின் வோல்ட்டை ஏற்றி இறக்குகிறது. ரெசிஸ்டர் 0.5 ஓம், குமிழில் 0.5 வோல்ட் என்றால் 1 ஆம்பியர். குமிழைப் பாதியாக்கினால் அரை ஆம்பியர். ஆப் ஆம்புக்கு எல்எம்358 போதும். அதன் உள்ளீடு தரை மட்டம் வரை இறங்கி வேலை செய்யும், பழைய 741 அப்படிச் செய்யாது. அதற்கு 12 வோல்ட் கொடுத்தால் வெளியீடு ஏறத்தாழ 10.5 வரை ஏறும், எந்த மாஸ்ஃபெட்டையும் திறக்க அது போதும். 5 வோல்ட்டில் ஓட்டினால் மூன்றரை வோல்ட்தான் கிடைக்கும். ஐஆர்எஃப்540 என்ற மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்குவதற்கே 4 வோல்ட் வரை கேட்கலாம்.

ரெசிஸ்டரில் வெப்பம் வீணாகிறதே என்று பலர் அதை 0.1 ஓமுக்குக் குறைத்துவிடுகிறார்கள். எல்எம்358-இன் உள்ளீட்டுப் பிழை 7 மில்லிவோல்ட் வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டே சொல்கிறது. 0.1 ஓமில் அது 70 மில்லி ஆம்பியர் பிழை. 0.5 ஓமில்கூட 14 மில்லி ஆம்பியர். ஆகவே அந்த மாணவனின் 20 மில்லி ஆம்பியரை, மின்தேக்கி இல்லாவிட்டாலும், நான் நம்பியிருக்க மாட்டேன். சிறிய மின்னோட்டம் வேண்டுமென்றால் 10 ஓம் ரெசிஸ்டருக்கு மாறும் தனி ஸ்விட்ச் வைத்துவிடுவது நல்லது. அளவெடுக்கும் இரண்டு கம்பிகளையும் ரெசிஸ்டரின் கால்களிலிருந்தே நேராக எடுங்கள். மின்னோட்டம் ஓடும் செம்புப் பாதையின் தடையும் கணக்கில் சேர்ந்துகொண்டால், சூடேறச் சூடேற வரம்பு நகர்ந்துகொண்டே போகும்.

வெப்பத்துக்கு வருகிறேன். உயிர் போகும் இடம் அதுதான். மாஸ்ஃபெட்டின் இடத்தில் சிலர் போடும் 2என்3055 டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட்டில் 115 வாட் என்று போட்டிருக்கிறது. 24 வோல்ட் மின்வழங்கியில் 2 ஆம்பியர் வரம்பு வைத்தவருக்கு அது தாராளம் என்று தோன்றும். சுமை இயல்பாக இருக்கும்வரை டிரான்சிஸ்டரின் பங்கு சில வாட்தான். சுமை ஷார்ட் ஆகட்டும், மொத்த 24 வோல்ட்டும் டிரான்சிஸ்டரின் தலையில் விழும்: 48 வாட். ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறும் சூடு இது: உள்ளிருந்து உறைக்கு 1.5 டிகிரி, மைக்காத் தகட்டுக்கு அரை டிகிரி, வெப்பத்தை வெளியேற்றும் ஓரளவு நல்ல ஹீட் சிங்குக்கு 1.5 டிகிரி, ஆக 3.5. நாற்பத்தெட்டால் பெருக்கினால் 168 டிகிரி. சித்திரை மாதத்தில் பெட்டிக்குள் 40 டிகிரி இருந்தால் மொத்தம் 208. அந்த டிரான்சிஸ்டரின் எல்லை 200. நூற்றுப் பதினைந்து என்று எழுதியிருப்பது உறையை 25 டிகிரியிலேயே பிடித்து வைத்திருந்தால் மட்டும் செல்லும் எண். நம் ஊரில் அப்படிப் பிடித்து வைக்க யாரால் முடியும்?

மாஸ்ஃபெட்டில் வேறொரு சிக்கல். ஸ்விட்ச்சாகப் பயன்படுத்தவே செய்யப்பட்டவை பல. பாதி திறந்த நிலையில் நெடுநேரம் வைத்தால், சில்லின் ஒரு புள்ளி மட்டும் கூடுதலாகச் சூடாகி, அங்கேயே மின்னோட்டம் குவிந்து, உருகிப் போகும். டேட்டாஷீட்டின் பாதுகாப்பு எல்லை வரைபடத்தில் தொடர் மின்னோட்டத்துக்கான கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து மில்லி நொடியோடு கோடுகள் முடிந்துவிட்டால் அந்த மாஸ்ஃபெட்டை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பேட்டரி சார்ஜர் ஒன்றைக் கொண்டுவந்தார். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரிக்கு 0.7 ஆம்பியரில் சார்ஜ் செய்ய அவரே கட்டியது. ஓர் இரவில் பேட்டரி வயிறு உப்பிவிட்டது. சுற்றை அளந்தேன், எல்லாப் பாகமும் நன்றாக இருப்பதாகவே தெரிந்தது. குமிழை மெல்லத் திருப்பியபோதுதான் பிடிபட்டது: ஓர் இடத்தில் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலோடு இணைந்த நகரும் முனை கரித்தடத்தை விட்டு எழும்பியது. அந்த நேரத்தில் ஆப் ஆம்பின் உள்ளீடு அந்தரத்தில் தொங்கும். எல்எம்358-இன் உள்ளீட்டுக் காலிலிருந்து வெளியே மிகச் சிறிய மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும், போக வழியில்லாவிட்டால் அது உள்ளீட்டை மேலே தள்ளிவிடும். முழு மின்னோட்டம் கேட்கிறார்கள் என்று ஆப் ஆம்ப் புரிந்துகொள்ளும். நடுக்காலிலிருந்து தரைக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்திருந்தால், தொடர்பு விட்டுப்போனதும் மின்னோட்டம் சுழியத்தை ஒட்டி இறங்கியிருக்கும். ஒரு ரூபாய்கூட ஆகாத பாகம். அந்தப் பேட்டரியை அவர் மேசையில் வைத்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது.

பொட்டென்ஷியோமீட்டரின் தரைக்கால் விட்டுப்போனால் அந்த 100 கிலோ ஓமும் காப்பாற்றாது. அதனால் அதன் மேல்முனைக்கு வரும் வோல்ட்டையே 0.5-க்குக் கட்டிவைக்கிறேன். எது அறுந்தாலும் 1 ஆம்பியருக்கு மேல் குமிழால் கேட்கவே முடியாது. ஹீட் சிங்கின் கணக்கையும் அந்த 1 ஆம்பியருக்கே போடுகிறேன்.

இன்னொரு பலவீனமும் உண்டு. சுமை கழன்றிருக்கும்போது ஆப் ஆம்ப் கேட்டை முழுதாகத் திறந்துவைத்துக் காத்திருக்கும். திரும்ப இணைத்ததும் அது இறங்கி வரச் சில பத்து மைக்ரோ நொடிகள் பிடிக்கும், அதுவரை வரம்பு என்று ஒன்று இல்லை. இதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது: பிசி547 என்ற சிறு டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸை 100 ஓம் வழியாக அளவீட்டு ரெசிஸ்டரின் மேல்முனைக்கும், எமிட்டரைத் தரைக்கும், கலெக்டரைக் கேட்டுக்கும் கொடுத்துவிடுவது. ஆப் ஆம்புக்கும் கேட்டுக்கும் நடுவே சில நூறு ஓம் வேண்டும். ரெசிஸ்டரில் 0.65 வோல்ட் எழுந்ததும், அதாவது 1.3 ஆம்பியரில், அது கேட்டைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும். சூடானால் அதன் எல்லை டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் குறையும், நமக்குச் சாதகமான பக்கமாகவே. துல்லியம் இல்லை என்று ஒதுக்கப்படும் இந்த ஒற்றை டிரான்சிஸ்டர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

இப்போதெல்லாம் ஒரு சுற்றை ஒப்படைக்கும் முன் குமிழை உச்சத்தில் வைத்து வெளியீட்டை ஷார்ட் செய்து, பெட்டியை மூடி அரை மணி நேரம் விடுகிறேன். பிறகு பொட்டென்ஷியோமீட்டரின் மூன்று கம்பிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, மீட்டர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறேன். கடைசியாக ஓர் எல்இடி. அந்த மாணவன் தன் மின்வழங்கியின் 1000 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு, சுற்று நிலையாக இருக்கத் தேவையான 10 மைக்ரோஃபாரட்டை மட்டும் வைத்தான், சிறிய மின்னோட்டத்துக்கு 10 ஓம் ஸ்விட்ச்சும் சேர்த்தான். இணைத்துவிட்டு மின்வழங்கியை 0 வோல்ட்டிலிருந்து மெல்ல ஏற்றினான். நீல எல்இடி 3 வோல்ட்டுக்கு அருகில் எரியத் தொடங்கியது. 12 வரை ஏற்றியும் மீட்டர் 20-ஐ விட்டு நகரவில்லை.