தழும்பு: அடுப்பில் பிறந்த சொல், மேல்முறையீட்டில் அளக்கப்படும் தோல்

'ஸ்கார்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் ஓர் அடுப்படியில் போய் நிற்போம். கிரேக்கத்தில் 'எஸ்காரா' என்றால் அடுப்பு, கணப்பு. நெருப்பு சுட்ட இடத்தில் கட்டும் பொருக்குக்கும் அதே பெயர் வந்தது. லத்தீன், பழைய பிரெஞ்சு என்று நடந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது, பொருக்கு உதிர்ந்த பிறகு தோலில் தங்கிவிடும் அடையாளத்தைக் குறிக்கத் தொடங்கியது. தீக்காயத்தில் கருகிச் செத்த தோலை மருத்துவர்கள் இன்றும் 'எஸ்கார்' என்றுதான் சொல்கிறார்கள்.

என் அம்மாவின் இடது முன்கையில் தோசைக்கல் விளிம்பு சுட்ட கோடு ஒன்று உண்டு. விரல் நீளம், சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளிறி, வெயிலில் மினுங்கும். தொட்டால் வலிக்காது. என்றைக்குச் சுட்டது என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. நம் பேச்சில் அதற்குப் பெயர் தழும்பு. சிலர் வடு என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றா?

தழும்புக்குக் குற்றம் கிடையாது. பட்டது, ஆறியது, அடையாளம் நின்றது, அவ்வளவுதான். பழக்கத்தில் ஊறியவரைத் 'தழும்பேறியவர்' என்கிறோம், அது பாராட்டு. வடு அப்படியில்லை. 'வடுவன்று வேந்தன் தொழில்' என்று குறள் சொல்லும்போது வடு என்பதற்குப் பழி, குற்றம் என்றே பொருள். நாவினால் சுட்டது ஆறாது என்ற குறளிலும் தீ சுட்டதைப் புண் என்றும், நாக்கு சுட்டதை வடு என்றும் வள்ளுவர் பிரித்தே வைக்கிறார். (மாவடுவில் வரும் வடு பிஞ்சுக்காய்; அந்தப் பொருளை இங்கே சேர்க்க வேண்டாம்.) ஆகவே சட்டத்திலும் மருத்துவத்திலும் 'ஸ்கார்' வரும் இடத்தில் தழும்பு என்று எழுதுவதே சரி. பாதிக்கப்பட்டவர் உடம்பில் பழியின் நிழல் விழக் கூடாது.

இந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே கனம் கூடும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் கேட்கும் இழப்பீடு. பணிக்காலத்தில் உடம்புக்கு வந்த கேட்டை முன்னாள் படைவீரர் நலத்துறை விழுக்காட்டில் மதிப்பிட்டு மாதந்தோறும் பணம் தருகிறது. அந்தக் கேட்டுக்கு ஆங்கிலத்தில் 'டிஸெபிலிட்டி' என்று பெயர்; நம் வழக்கில் 'ஊனம்' என்று எழுதிவிடுவோம். ஆனால் அங்கே கையும் காலும் சரியாக உள்ளவருக்கும் மதிப்பீடு உண்டு என்பதால் 'உடற்பாதிப்பு' என்பதே பொருந்துகிறது.

முதலில் அந்தத் தழும்பு பணியால் வந்ததா என்று பார்ப்பார்கள். நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று ஒரு வரி இருக்குமே, 'இடது முழங்காலில் ஒரு தழும்பு' என்று ஆசிரியர் அவசரமாக எழுதுவாரே, அதே மாதிரி அங்கே படையில் சேரும் நாளின் மருத்துவப் பரிசோதனைத் தாளிலும் உடல் அடையாளங்களைக் குறிக்கிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து அந்த ஒரு வரி பெரிய சாட்சியாகிவிடுகிறது. சேரும்போதே குறிக்கப்பட்ட தழும்பு என்றால் அது பழையது. குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று சட்டம் அனுமானிக்கும். மாறாகக் காட்டுவது அரசின் பொறுப்பு. பணியால் கெட்ட முழங்காலுக்குப் பின்னாளில் அறுவை செய்து அதனால் வந்த தழும்பும் கணக்கில் சேரும்.

அடுத்தது அளவு. தலை, முகம், கழுத்து என்றால் எட்டு அடையாளங்களைப் பார்ப்பார்கள். நீளம் 13 சென்டிமீட்டருக்குக் குறையாதது, அகலமான இடத்தில் 0.6 சென்டிமீட்டராவது இருப்பது, தொட்டால் மேடாகவோ பள்ளமாகவோ தெரிவது, அடிச்சதையோடு ஒட்டிக்கொண்டது, இப்படிப் போகும். ஒன்று இருந்தால் 10 விழுக்காடு. ஆறோ மேலோ இருந்தால் 80. திருத்தம் செய்யாத வண்ணப் படங்களையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று விதியே சொல்கிறது. இப்படித் தோற்றம் கெடுவதற்கான 'டிஸ்ஃபிகர்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் நான் 'உருச்சிதைவு' என்று எழுதுகிறேன். 'அழகுக்கேடு' என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. அங்கே யாரும் அழகுக்கு மதிப்பெண் போடவில்லை.

உடம்பின் மற்ற இடங்களில் கணக்கு கடுமையானது. அடியிலுள்ள சதை கெடாமல் மேல்தோலில் மட்டும் உள்ள தழும்பு என்றால், 929 சதுர சென்டிமீட்டர் இருந்தால்தான் 10 விழுக்காடு. அது ஒரு சதுர அடி. தரையில் பதிக்கும் ஒரு டைல்ஸ் அளவுக்கு முதுகு முழுக்கத் தழும்பு இருந்தும் 10 விழுக்காட்டோடு நின்றுவிடும். அதனால்தான் மேல்முறையீடுகளில் பரப்பளவைவிட வலியைப் பற்றிய வாதமே அதிகம். வலிக்கும் தழும்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் 10, மூன்று நான்கு என்றால் 20, ஐந்தோ மேலோ என்றால் 30. கடுகளவு தழும்பாக இருந்தாலும் சரி, வலித்தால் 10.

இதே வரிசையில் இன்னொரு வகையும் உண்டு. ஆங்கிலப் பெயரை அப்படியே மாற்றினால் 'நிலையற்ற தழும்பு' என்று வரும். படிப்பவருக்கு என்ன புரியும்? தழும்பு இடம் மாறுகிறதா? விதியில் உள்ள விளக்கம் வேறு: தழும்பின் மேல் மூடியிருக்கும் தோல் அடிக்கடி போய்விடுவது. அப்படியானால் 'தோல் உரியும் தழும்பு' என்றே சொல்லிவிடலாம். ஒரே தழும்பு வலிக்கவும் செய்து தோலும் உரிந்தால், மொத்தத்தில் இன்னும் 10 கூடும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லத் தெரியாததாலேயே ஒருவர் அந்தப் பத்தை இழந்துவிடக்கூடும்.

முதல் முடிவில் திருப்தி இல்லாதவர் ஓர் ஆண்டுக்குள் அசைய வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மூன்று வழிகள்: புதிய சான்றோடு துணைக் கோரிக்கை வைக்கலாம், மூத்த அதிகாரியின் மறுபார்வை கேட்கலாம், நேரே வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். வாரிய நீதிபதி கீழே எடுத்த முடிவுக்குக் கட்டுப்படாமல் கோப்பை முதலிலிருந்து பார்ப்பார். தருவார், மறுப்பார், இல்லாவிட்டால் பரிசோதனை போதவில்லை என்று கீழே திருப்பி அனுப்புவார்.

அங்கே நடப்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். ஒரு வீரருக்குக் கணுக்காலில் அறுவைத் தழும்பு. பரிசோதித்த மருத்துவர் 4 சென்டிமீட்டர் என்று அளந்து, 'வலி இல்லை' என்று எழுதிவிட்டார். மதிப்பீடு 0. வீரர் அன்று செருப்பில் போயிருந்தார். பூட்ஸ் போட்டால் விளிம்பு அந்த இடத்தில் உரசி, மாலைக்குள் ஊசி குத்துவது போல் இருக்கும் என்று மனைவியும் அவரும் எழுதித் தருகிறார்கள். இது சாட்சியா? சாட்சிதான். தன் வலியைச் சொல்ல யாரும் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் தழும்பைப் பற்றியும் சாதாரண மனிதர் சாட்சி சொல்லலாம். நம்பத்தக்கதா என்பதை வாரியம் எடைபோடும். சான்றுகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக நின்றால் ஐயத்தின் பலன் வீரருக்கே. இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன். உடம்பைக் கொடுத்தவரிடம் தராசு கொஞ்சம் சாயட்டும்.

அப்புறம் 1994-இல் வந்த ஒரு தீர்ப்பைச் சொல்லாமல் இந்தச் சொல்லை முடிக்க முடியாது. ஒரு வீரருக்கு முகத்தில் அடி. உருச்சிதைவு, தழும்பில் வலி, மெல்லும்போது இடைஞ்சல் தரும் தசைக்காயம், மூன்றும் இருந்தன. எதன் பெயரில் வேண்டுமானாலும் ஒரே ஒரு 10 விழுக்காடுதான் என்றது வாரியம். ஒரே பாதிப்புக்கு இரண்டு முறை பணம் கிடையாது என்பது விதி. வழக்கைக் கேட்ட நீதிமன்றம், பார்ப்பதும் வலிப்பதும் மெல்லுவதும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியவை அல்ல என்று சொல்லி, மூன்றுக்கும் தனித்தனியே 10 தரச் சொன்னது. அங்கே கூட்டல் நம் கூட்டல் அல்ல: முதல் பத்து போக மிச்சம் 90, அதில் பத்துக்கு 9, ஆக 19, மிச்சம் 81-இல் பத்துக்கு 8, ஆக 27. பத்தின் மடங்காக்கினால் 30.

கடைசியாக அந்த 0. கடிதத்தில் பூஜ்யத்தைப் பார்த்ததும் நிராகரித்துவிட்டார்கள் என்று பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். 0 விழுக்காடு என்றால் தழும்பு பணியால் வந்ததுதான் என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. இன்றைய நிலையில் பணம் இல்லை, அவ்வளவே. நாளைக்கு அது வலிக்கத் தொடங்கினால், தோல் உரிந்தால், வலியையோ தோலையோ மட்டும் காட்டி மதிப்பை உயர்த்தக் கேட்கலாம். தமிழில் இதை 'சுழிய மதிப்பீடு' என்று எழுதுகிறேன். 'மறுப்பு' என்று எழுதவே கூடாது.