ஏ.பி.எஸ். என்றால் ‘இறுகாப் பிரேக்’

போன ஐப்பசி மழையில் எங்கள் காரின் முகப்பில் ‘ஏ.பி.எஸ்.’ என்ற விளக்கு மஞ்சளாக எரிந்தது. பக்கத்தில் இருந்த அப்பா பதறிப்போனார். “பிரேக் போய்விட்டதா? ஓரங்கட்டு!” பிரேக் போகவில்லை, மிதித்ததும் வண்டி நின்றது. ஒர்க்‌ஷாப்பில் பார்த்தபோது, சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரில் சேறு அப்பியிருந்தது. அந்த மூன்றெழுத்துக்குப் பொருள் விளங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று புழக்கத்தில் இருந்திருந்தால் அவர் இத்தனை பதறியிருக்க மாட்டார்.

ஜெர்மன் மொழியில் இது ‘ஆன்டிபிளாக்கீர்சிஸ்டம்’, ஆங்கிலத்தில் ‘ஆன்டி லாக் பிரேக்கிங் சிஸ்டம்’. இரண்டையும் சுருக்கினால் ஏ.பி.எஸ். தான். பாஷ் நிறுவனம் உருவாக்கிய மின்னணு அமைப்பு 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் கார்களில் வந்தது.

ஈரச் சாலையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகிவிடும். வண்டியோ சறுக்கிக்கொண்டே போகும். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் பயனில்லை. உருளுகிற சக்கரத்தால்தான் வண்டியைத் திருப்ப முடியும். ஏ.பி.எஸ். அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை தளர்த்தித் தளர்த்திக் கொடுக்கிறது. அப்போது பெடல் காலடியில் கடகடவென்று அதிரும். அதிர்கிறதே என்று காலை எடுத்துவிடக் கூடாது. அழுத்தியே பிடிக்க வேண்டும்.

இதைப் ‘பூட்டு எதிர்ப்பு அமைப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழில் பூட்டு என்றதும் கதவும் சாவியும் நினைவுக்கு வருகின்றன. வண்டியோடு சேர்த்துச் சொன்னாலோ பொருள் தலைகீழாகிறது: மாட்டைப் பூட்டினால்தான் வண்டி கிளம்பும்! இங்கே நடப்பது இறுகுதல். ‘ஓடாக் குதிரை’ போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக ‘இறுகாப் பிரேக்’ என்றால் வேலை முழுவதும் இரண்டே சொல்லில் வந்துவிடுகிறது. பிரேக் என்பதை மாற்ற வேண்டியதில்லை. ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று நம் வினையோடு அது எப்போதோ ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயரோடு விளக்கைப் பாருங்கள். மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் இறுகாமல் காக்கும் வசதி போயிருக்கிறது, வழக்கமான பிரேக் இருக்கிறது. இடைவெளி விட்டு நிதானமாக ஓட்டி ஒர்க்‌ஷாப் போகலாம். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு வேறு. முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். அது விடுபட்டிருந்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். வண்டியை நிறுத்திவிடுங்கள். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் போயிருக்கலாம். பின்சக்கரம் முந்தி இறுகி வண்டி சுழன்றுவிடும் ஆபத்து உண்டு. அதை ஓட்டிப் போகாதீர்கள்.

வளைந்த தடங்களோடு கார் படம் போட்ட இன்னொரு மஞ்சள் விளக்கு இ.எஸ்.பி.யுடையது, அதாவது ‘எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி புரோகிராம்’ என்ற வசதியுடையது. இந்த வசதி 1995இல் மெர்சிடிஸ் காரில் அறிமுகமானது. இதைத் தமிழில் ‘நிலைத்தன்மைக் கட்டுப்பாடு’ என்பது ஆட்சி கவிழாமல் இருப்பதைப் பேசுவது போலிருக்கிறது. ஸ்டீயரிங் காட்டும் திசையில் வண்டி போகாவிட்டால் தேவையான சக்கரத்தை மட்டும் தானாகப் பிடித்துத் திருத்துவதுதான் இதன் வேலை, ‘திசைகாப்பு’ என்பேன். இந்த விளக்கு விட்டுவிட்டு மின்னினால் திசைகாப்பு அந்த நொடியில் வேலை செய்கிறது, சாலை வழுக்குகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். அணையாமல் நின்று எரிந்தால் அது பழுதாகியிருக்கிறது, அல்லது யாரோ அதன் பொத்தானை அழுத்தி அணைத்து வைத்திருக்கிறார்கள்.