செக்‌ஷன் சராசரியை வைத்து ஆசிரியரை எடைபோடாதீர்கள்

மே மாதம் ரிசல்ட் வந்த கையோடு சென்னையின் பல தனியார் பள்ளிகளில் ஒரு கூட்டம் நடக்கும். 'ரிசல்ட் அனாலிசிஸ்' என்று பெயர். திரையில் ஒரு பட்டியல் ஓடும்: ஆசிரியர் பெயர், பாடம், செக்‌ஷன், சராசரி, செண்டம் எத்தனை, ஃபெயில் எத்தனை. கடைசியில் இருக்கும் பெயர்கள் சிவப்பில் இருக்கும். இன்கிரிமென்ட் யாருக்கு, அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு யாருக்கு என்பதெல்லாம் பாதிக்கு மேல் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. பள்ளிகளுக்குத் தேர்வும் மதிப்பீடும் பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில் என்பதால், இந்த மாதிரிக் கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஆட்களில் நானும் ஒருவன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். மாணவர் கற்றதை வைத்து ஆசிரியரைப் பார்க்கவே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. பி.எட். பட்டம், சர்வீஸ் வருஷம், அழகாக எழுதிய பாடக்குறிப்பு இதெல்லாம் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பெரிதாகச் சொல்வதில்லை. பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதுதான் நேர்மையான சான்று. என் சண்டை அந்தத் திரையில் ஓடும் எண்ணோடுதான். சராசரி என்பது பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் காட்டும். ஆசிரியர் அவர்களை எங்கிருந்து எவ்வளவு தூரம் கொண்டுவந்தார் என்பதைக் காட்டாது.

ஒரு கற்பனைக் கணக்கு. எட்டாம் வகுப்புக் கணிதத்தில் 'ஏ' செக்‌ஷன் பிள்ளைகள் ஜூன் மாதம் 81-ல் தொடங்கி ஏப்ரலில் 84-க்கு வந்தார்கள். 'சி' செக்‌ஷன் 40-ல் தொடங்கி 53-க்கு வந்தது. கூட்டத்தில் கைதட்டல் 84-க்குத்தான். 53 சிவப்பில் இருக்கும். அதற்காக 'சி' செக்‌ஷன் ஆசிரியர்தான் சிறந்தவர் என்று உடனே தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. 81-ல் இருக்கும் பிள்ளை மேலே போக இடமே கொஞ்சம்தான். எளிதான வினாத்தாள் என்றால் அதுவும் இருக்காது. ஆனால் 13 மதிப்பெண் நகர்ந்ததை யாருமே கேட்காமல் போவது அநியாயம்.

செக்‌ஷன்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். போன வருஷ மதிப்பெண்ணை வைத்தே பல பள்ளிகள் பிரிக்கின்றன. கண்டிப்பான ஆசிரியருக்கு 'அடங்காத' பிள்ளைகள் போவார்கள். மூத்த ஆசிரியருக்கு நன்றாகப் படிக்கிற செக்‌ஷன் தானாகப் போய்விடும். அதற்கு மேல் டியூஷன். அண்ணா நகரிலும் மடிப்பாக்கத்திலும் சாயங்காலம் பிள்ளைகள் பையோடு எங்கே போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணகி நகர், பெரும்பாக்கம் மாதிரி மறுகுடியமர்வுப் பகுதிகளில் வருஷத்தின் நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள். மயிலாப்பூர் பங்குனி உற்சவத் தேர் நிலைக்கு வந்ததும், வடம் பிடித்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் மாலை போடுவது போலத்தான் செக்‌ஷன் சராசரியை ஒரே ஆசிரியர் கணக்கில் எழுதுவது.

சரி, அப்படியானால் முன்னேற்றத்தை அளந்தால் போதுமே என்பார்கள். போதும், ஆனால் அளப்பது எப்படி? காலாண்டு மதிப்பெண்ணை அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து கழித்துவிட்டு 'முன்னேற்றம்' என்று பெயர் வைக்கிற எக்செல் ஷீட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு வினாத்தாள், வேறு பாடப் பகுதி, வேறு கடினம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, பள்ளிகள் மூடி, அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. அந்த வருஷம் அரையாண்டில் குறைந்த மதிப்பெண்ணுக்கு ஆசிரியர் என்ன செய்வார்? இரண்டு தேர்வுகளை ஒப்பிட வேண்டுமானால், இரண்டிலும் ஒரே திறனைச் சோதிக்கும் பொதுக் கேள்விகள் சில இருக்க வேண்டும். அந்தக் கேள்விகளில் பிள்ளைகள் எப்படி நகர்ந்தார்கள் என்பதுதான் ஒப்பீடு.

அப்புறம், தற்செயல். இதைத்தான் பள்ளிகளுக்குப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. ஒரு செக்‌ஷனில் 30 பிள்ளைகள். மதிப்பெண்களின் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, 18 என்று வைத்துக்கொள்வோம். நூறு மதிப்பெண் தேர்வில் இது வழக்கமான பரவல்தான். அப்படியென்றால் எந்தப் பிள்ளை எந்த செக்‌ஷனில் விழுந்தான், யாருக்குக் காய்ச்சல், யாருக்குத் தெரிந்த கேள்வி வந்தது என்ற அதிர்ஷ்டம் மட்டுமே சராசரியை 3 மதிப்பெண் மேலும் கீழும் சுலபமாக ஆட்டிவிடும். இரண்டு செக்‌ஷன்களுக்கு நடுவே என்றால் 4, 5 மதிப்பெண் வித்தியாசம் ஒன்றுமே இல்லாமலும் வரும். நாம் அந்த 4 மதிப்பெண்ணுக்குத்தான் ஒருவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறோம். இதில் இன்னொரு வேடிக்கை, போன வருஷம் படுமோசமாகச் செய்த செக்‌ஷன் இந்த வருஷம் யாரும் எதுவும் செய்யாமலே கொஞ்சம் மேலே வரும், உச்சத்தில் இருந்தது கொஞ்சம் இறங்கும். திட்டு வாங்கியவர் முன்னேறினார், பாராட்டு வாங்கியவர் சோம்பேறி ஆனார் என்று தாளாளர்கள் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

மாணவர் முன்னேற்றத்தை வைத்து ஆசிரியரை அளக்கும் வேலையை அமெரிக்காவில் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். டென்னசி மாநிலத்தில் 1990-களிலேயே, ஒவ்வொரு மாணவரின் பழைய மதிப்பெண்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆசிரியர் கூட்டிய மதிப்பைக் கணிக்கும் முறை வந்தது. 2010-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை சுமார் 6,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் தரத்தைப் பெயரோடு வெளியிட்டது. அதே ஆண்டு ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் என்ற பொருளாதார அறிஞர் ஒரு சங்கடமான விஷயத்தைக் காட்டினார்: இந்த மாதிரிக் கணக்குகளின்படி, ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் நான்காம் வகுப்பு மதிப்பெண்ணையும் 'பாதிக்கிறார்'! நடந்து முடிந்த வருஷத்தை எவர் மாற்ற முடியும்? பிள்ளைகள் வகுப்புகளுக்குப் பிரிக்கப்பட்ட விதம்தான் ஆசிரியரின் திறமை என்ற வேஷத்தில் வந்து நிற்கிறது. 2014-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம், பெரும்பாலான ஆய்வுகளின்படி மாணவர் மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் 1 முதல் 14 சதவீதம்தான் ஆசிரியர்களால் வருவது என்று சொன்னது. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவரது சகாக்களும் 25 லட்சம் குழந்தைகளின் தரவை வைத்து, இந்த அளவீட்டில் மேலே வந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் பிற்காலத்தில் கல்லூரியிலும் சம்பளத்திலும் முன்னே இருந்ததைக் காட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக, அளவீட்டில் விஷயம் இருக்கிறது. தனி ஒருவர் மேல் ஒரு வருஷத் தீர்ப்பு எழுதும் அளவுக்கு இல்லை.

மதிப்பெண்ணோடு பணத்தை முடிச்சுப்போடுவது சென்னைக்குப் புதிதும் அல்ல. பள்ளி இன்ஸ்பெக்டர் நடத்தும் தேர்வில் பிள்ளைகள் தேறுவதைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்ற முறை இங்கிலாந்தில் 1862-ல் வந்தது. அதே நூற்றாண்டில் சென்னை மாகாணத்திலும் இருந்தது. இந்த முடிச்சு கெட்ட வழிக்கும் கொண்டுபோகும்: அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2011-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் மோசடியில் ஈடுபட்டதாகச் சொன்னது; பிள்ளைகளின் விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்திய கதை அது. ஆனால் பக்கத்து ஆந்திராவில், பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில் ஆசிரியர்களுக்குக் கொடுத்த ஊக்கத்தொகை பலன் தந்தது. சராசரியாகச் சம்பளத்தில் 3 சதவீதம்தான் தொகை. இரண்டு வருஷத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மட்டுமல்ல, தொகையே கொடுக்கப்படாத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட மற்ற பள்ளிகளை முந்தினார்கள். அங்கே பார்த்தது சராசரியை அல்ல, முன்னேற்றத்தை. தேர்வை நடத்தியதும் பள்ளி அல்ல, வெளியாட்கள்.

நம் ஊர் 'நூறு சதவீதத் தேர்ச்சி' எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது. அதனால் வடிகட்டல் ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. பெற்றோரைக் கூப்பிட்டு நைச்சியமாகப் பேசி டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிற பள்ளிகள் உண்டு. மீதி இருப்பவர்களுக்குப் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகள், ஒரு மார்க், ஸ்லிப் டெஸ்ட், பழைய வினாத்தாள் என்று ஏழெட்டு மாதம் ஒரே உருப்போடல். 2017-ல் தமிழக அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது நல்ல காரியம். பள்ளி வாசல் ஃபிளெக்ஸ்தான் இன்னும் நிற்கவில்லை.

எனக்கு மதிப்பெண்ணைவிட விடைத்தாள் பிடிக்கும். '0.45, 0.5, 0.125 — இவற்றில் எது பெரியது?' என்று ஆறாம் வகுப்பில் கேளுங்கள். ஒரு செக்‌ஷனில் தப்பு செய்தவர்கள் எல்லோரும் 0.125 என்று எழுதியிருந்தால் அது கவனக்குறைவு அல்ல. 125 பெரியது, ஆகவே 0.125-ம் பெரியது என்று ஒரு தப்பான விதியை ஒழுங்காகக் கற்றிருக்கிறார்கள். வகுப்பில் 'புள்ளி ஒன்று இரண்டு ஐந்து' என்று படிக்காமல் 'புள்ளி நூற்று இருபத்தைந்து' என்று படித்திருந்தால் அந்த விதி இன்னும் கெட்டிப்படும். பக்கத்து செக்‌ஷனில் இந்தத் தப்பே இல்லை என்றால், அந்த ஆசிரியர் என்ன செய்தார் என்று இவர் போய் ஒரு பீரியட் உட்கார்ந்து பார்க்கலாம். சராசரிப் பட்டியல் இந்த இடத்துக்கு யாரையும் கொண்டுபோகாது.

பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயம் இல்லை. ஜூன் மாதமே ஒரு அடிப்படைத் தேர்வு வையுங்கள். விடைத்தாள்களைச் செக்‌ஷன் மாற்றித் திருத்தச் சொல்லுங்கள். தன் பிள்ளைகளின் தாளைத் தானே திருத்தி, அதை வைத்தே தன் இன்கிரிமென்ட் முடிவாகும் என்றால் யார் கையும் கொஞ்சம் தாராளமாகும். மூன்று வருஷத் தரவு சேரும்வரை எந்தப் பெயருக்கும் நிறம் பூசாதீர்கள். அதன் பிறகும் ஒருவர் தொடர்ந்து பின்னால் இருந்தால், தலைமையாசிரியர் அவர் வகுப்பில் சில தடவை போய் உட்காரட்டும். பல சமயம் காரணம் அங்கே தெரிந்துவிடும்: ஆசிரியருக்குப் பாடமே பிடிபடவில்லை என்பதாக இருக்கலாம், 48 பிள்ளைகளை ஒரு அறையில் அடைத்திருப்பதாகவும் இருக்கலாம். முதலாவதற்குப் பயிற்சி. இரண்டாவதற்குத் தாளாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு: அட்மிஷனுக்குப் போகும்போது பத்தாம் வகுப்பில் எத்தனை சதவீதம் என்று கேட்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இங்கேயே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று கேளுங்கள். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ரேங்க் கேட்பதற்குப் பதிலாக விடைத்தாளைக் கையில் வாங்கி, தப்பான ஒரு விடையைக் காட்டி, 'டீச்சர், இவன் இங்கே எப்படி யோசிச்சிருக்கான்?' என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு உட்கார்ந்து விளக்கம் சொல்கிற ஆசிரியர் இருந்தால், அவர் செக்‌ஷன் சராசரி என்ன என்று நான் கேட்க மாட்டேன்.