பிளக்-இன் வாங்கினால் ஜாஸ் வந்துவிடாது

போன வாரமும் ஒரு பையன் அப்பாவோடு வந்திருந்தான். எல்லா ஸ்டைலிலும் இசையமைக்கச் சொல்லித் தருகிறோம் என்ற மூன்று மாத வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறான். அவர்கள் கொடுத்த பட்டியலைப் பார்த்து பிளக்-இன் (இசை சாஃப்ட்வேரோடு சேர்க்கும் துணை மென்பொருள்), சாம்பிள் லைப்ரரி (பதிவு செய்த கருவிச் சத்தங்களின் தொகுப்பு), ஸ்பீக்கர் என்று வாங்கித் தள்ளியதில் அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போய்விட்டது. ஜாஸ் என்று ஒன்றைப் போட்டுக் காட்டினான். சாக்ஸபோன் கேட்டது, ஜாஸ் கேட்கவில்லை. பையனுக்குக் காது நன்றாகவே இருக்கிறது, அதனால்தான் எனக்கு இத்தனை கோபம்.

அரேஞ்ச்மென்ட் செய்வதும், அதாவது ஒரு பாட்டில் எந்தக் கருவி எதை வாசிப்பது என்று எழுதுவதும், சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே நினைப்போடுதான் வருகிறார்கள்: பறைச் சத்தம் வைத்தால் நாட்டுப்புறம், நாற்பது வயலின் வைத்தால் வெஸ்டர்ன் கிளாசிக்கல், வீணை வைத்தால் கர்நாடகம். இல்லவே இல்லை. கருவி என்பது உடுப்பு மாதிரி, நடை அதற்குள் இருக்கும் ஆளுடையது.

மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ ரி க ப த, ஐந்தே ஸ்வரம். இதே ஐந்தை வைத்துக்கொண்டு நம் வித்வான் ஆலாபனை செய்கிறார், சீனாவில் கிராமத்துப் பாட்டுப் பாடுகிறார்கள், அமெரிக்காவில் கிட்டாரோடு பாடுகிறார்கள். ஸ்வரம் மாறவில்லை. எதில் நிற்கிறது, எதிலிருந்து எதற்கு வழுக்கிப் போகிறது, எந்த இடத்தில் அழுத்தம் விழுகிறது, வாக்கியம் எங்கே முடிகிறது என்பவைதான் மாறுகின்றன. சந்தேகமாக இருந்தால் உங்கள் டிராக்கில் எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டு மெட்டைக் கைத்தட்டலோடு பாடிப் பாருங்கள். அப்போதும் அது கும்மியாகக் கேட்டால் கும்மி. கேட்கவில்லையா, எத்தனை டிரம் சேர்த்தாலும் கும்மி ஆகாது.

தாளத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஜாஸின் ஸ்விங் என்ற தாள நடையில் ஒரு அடியைச் சரிபாதியாக வெட்டுவதில்லை, முதல் பாதி நீளும், இரண்டாவது குறுகும், வேகம் ஏற ஏற அந்த வித்தியாசம் கரைந்துகொண்டே வரும், ஆகையால் சாஃப்ட்வேரில் ஸ்விங்குக்கு ஒரே சதவீதத்தை வைத்து எல்லா வேகத்துக்கும் ஓட்டினால் அது நொண்டத்தான் செய்யும். ஜமைக்காவின் ரெகே இசையில் ஒன் டிராப் என்று ஒரு தாளக்கட்டு உண்டு. நாலு அடியில் முதல் அடியில் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) கிடையாது, மூன்றாவதில்தான் விழும். நம் பிள்ளைகள் பழக்கத்தில் முதல் அடியில் ஓங்கி ஒன்று வைத்துவிடுகிறார்கள், அத்தோடு ரெகே போயிற்று.

முத்துசுவாமி தீட்சிதரைப் பாருங்கள். சென்னைக் கோட்டையில் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார். அங்குலம் அங்குலமாகக் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) வைத்து, மெதுவான விளம்ப காலத்தில் கீர்த்தனை கட்டியவர், இவற்றைச் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களில் கமகமே இல்லாமல் வெறும் ஸ்வரங்களாக நடத்தியிருக்கிறார். அந்த இசை எப்படி நடக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் எழுதினார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1713, 1714 வாக்கில் ஜெர்மனியின் வைமரில் இருந்தபோது இத்தாலியரான விவால்டியின் கான்செர்டோக்களை (தனிக் கருவியும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை) ஆர்கன், ஹார்ப்சிகார்டு என்ற கட்டைக் கருவிகளுக்கு தன் கையாலேயே மாற்றி எழுதினார். இத்தாலியப் பாணியை அவர் கற்ற வழிகளில் அது ஒன்று.

'இளையராஜாவும் ரகுமானும் படித்தா வந்தார்கள்' என்று யாராவது கேட்பார்கள். ஆமாம், படித்துத்தான் வந்தார்கள். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகப் பயின்றவர். ரகுமான் 1992-ல் ரோஜா வருவதற்கு முன் சிறுவயதிலிருந்து எத்தனையோ இசையமைப்பாளர்களின் ரெக்கார்டிங்கில் கீபோர்டு வாசித்தவர்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் எதையும் வாங்காதீர்கள். நோட்டேஷன் (இசைக் குறிப்பு) எழுத மியூஸ்ஸ்கோர் என்ற சாஃப்ட்வேர் இலவசம், பழைய கீபோர்டு ஒன்று போதும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே பாணி. அதில் ஒரு பாட்டை எடுத்து, மெட்டு, பேஸ் (அடியில் ஓடும் கீழ் ஸ்வரங்கள்), தாளம் மூன்றையும் காதால் கேட்டுப் பேப்பரில் எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் கார்டு சீட்டை (கார்டு என்ற, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை எழுதிய தாளை) பார்த்து எழுதினால் கை வலிப்பதுதான் மிச்சம். எழுதியதை வாசியுங்கள், மோசமாக வாசித்தாலும் பரவாயில்லை, விரலுக்குப் புரிந்த பிறகுதான் அந்தப் பாணியில் சொந்தமாக எட்டு பார் (எட்டுத் தாள அளவு) எழுத உட்கார வேண்டும். ப்ளூஸில் தொடங்குவது எளிது: 12 பார் சுற்று, மூன்று கார்டு, ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

எழுதியதை ஆள் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். வயலினில் மிகக் கீழே ஒலிக்கும் தந்தி ஜி என்ற ஸ்வரம், அதற்குக் கீழே எழுதியிருந்தால் அவர் வில்லைக் கீழே வைத்துவிடுவார். புல்லாங்குழலுக்கு எழுதும்போது மூச்சு விட இடம் வையுங்கள், தயவுசெய்து. இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்த் திருவிழாவில் நையாண்டி மேளம் வந்தால் போனை உள்ளே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நில்லுங்கள். தவிலும் பம்பையும் ஒன்றுக்கொன்று எங்கே விட்டுக்கொடுக்கின்றன என்பது எந்த லூப்பிலும் கிடைக்காது. ராத்திரி முழுக்க ஹெட்போனில் சத்தமாக வைத்து வேலை பார்க்கும் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள், போன செவித்திறன் திரும்பாது.

பெற்றோரே, பிள்ளையை வகுப்பில் சேர்க்கும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'என் பிள்ளை எழுதுவதை வாராவாரம் உட்கார்ந்து திருத்துவது யார்?' பெயர் சொல்லி ஆளைக் காட்டினால் மேற்கொண்டு பேசுங்கள். வீடியோவைப் பார்த்துக்கொள்ளலாம், சாஃப்ட்வேரே திருத்திவிடும் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே நகையை வைக்காதீர்கள்.