கோஃப்ட்கரி – பொன்னிழைப்பு

எஃகின் மேல் பொற்கம்பியாலோ வெள்ளிக் கம்பியாலோ பூவும் கொடியும் எழுத்தும் அமைக்கும் வேலைப்பாட்டுக்குக் கோஃப்ட்கரி என்று பெயர். முகலாயர் காலத்து வாள்பிடிகளிலும் கேடயங்களிலும், மார்பு, முதுகு, இரு விலாக்கள் ஆகியவற்றை நான்கு தகடுகளால் காக்கும் ‘சஹார் ஆயினா’ என்ற கவசத்திலும் இதைக் காணலாம்.

பாரசீகத்தில் ‘கோஃப்தன்’ என்பது அடித்தல், இடித்தல் என்று பொருள்படும். ‘கரி’ என்பது தொழிலைக் குறிக்கும் விகுதி. கொத்திய இறைச்சியில் செய்யும் கோஃப்தாவும் இவ்வேரில் பிறந்ததே. கைவினைஞர் முதலில் எஃகுப் பரப்பில் குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கீறல்களை இட்டு, அதன் மேல் மெல்லிய கம்பியைக் கோலத்தின் போக்கில் வளைத்து வைத்துச் சிறு சுத்தியலால் தட்டுவார். கீறல்களின் விளிம்புகள் கம்பியைக் கவ்விக்கொள்ளும். பின்னர் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார். கைபட்டுப் பொன் தேய்ந்துபோன பழைய வாள்பிடிகளில் இக்கீறல்கள் வெளியே தெரியும். இந்த வேலையை அடையாளம் காண அதைவிட உறுதியான சான்று இல்லை. இன்றைய பாகிஸ்தானிலுள்ள சியால்கோட்டும் இராஜஸ்தானின் உதய்ப்பூரும் இக்கலைக்குப் பெயர்பெற்றவை.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில், தோட்டத்துக் கோயில் அம்மனுக்குச் சாத்தும் வெள்ளிக் கவசத்தைக் கண்டு வளர்ந்த நம் மாணவர்கள், கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது ‘பொன்முலாம் பூசிய கவசம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கோயில் கவசத்தின் உருவங்கள் தகட்டைப் பின்புறமிருந்து தட்டிப் புடைக்கச் செய்தவை. முலாமோ பரப்பு முழுவதும் படியும் பூச்சு. கோஃப்ட்கரி இவ்விரண்டும் அன்று என்பதால், பெயரும் வேறாக இருக்கவேண்டும்.

‘பொன்னிழைப்பு’ என்பதே இதற்குத் தக்க தமிழ்ச்சொல் என்பது என் துணிபு. இழை என்பது நூலையும் குறிக்கும், சேயிழை, ஆயிழை என்னும் சொற்களில் அணிகலனையும் குறிக்கும். இழைத்தல் என்றால் நுணுக்கமாகச் செய்தல், பதித்தல் என்றும் பொருளுண்டு. நூல்போன்ற பொற்கம்பியை அணியாக்கும் தொழிலுக்கு இத்தனை பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன. வெள்ளியில் செய்தால் வெள்ளியிழைப்பு. எஃகில் ஆழமாகப் பள்ளம் வெட்டிக் கம்பியை அதனுள் அமிழ்த்தும் ‘தஹ்நிஷான்’ வேறு வேலை; அதனைப் பொற்பதிப்பு என்று பிரித்து எழுதலாம்.