பலூன் ஊதுதல்: ஒரு சொல்லும் ஒரு சோதனையும்

யாழ்ப்பாணத்தில் ‘பலூன் ஊதுதல்’ என்றால் பிறந்தநாள் வீடு ஞாபகம் வருவது சிறுபிள்ளைகளுக்கு மட்டும்தான். மோட்டார் சைக்கிள் ஓடுகிற வயது வந்த எவருக்கும் அது வீதியில் பொலிஸார் மறித்துச் செய்கிற குடிச் சோதனை. “சந்தியிலை மறிச்சுப் பலூன் ஊத வைச்சிட்டாங்கள்”, “அவன் பலூனிலை பிடிபட்டு இப்ப கோட்டுக்கு அலையிறான்” என்றெல்லாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வோம். இன்றைக்குப் பொலிஸாரின் கையில் இருப்பது எண் காட்டும் சின்ன இலத்திரனியல் கருவியாக இருந்தாலும் பெயர் மாறவில்லை. பத்திரிகைக்காரர் ‘சுவாசப் பரிசோதனை’ என்று எழுதுவார்கள். ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்கள் ‘பிரெத்தலைசர்’ என்பார்கள். ஊர் வாயில் பலூன்தான்.

பலூன் என்ற சொல்லின் பூர்வீகம் இத்தாலி. அங்கே ‘பல்லோனே’ என்றால் பெரிய பந்து. பிரெஞ்சுக்குப் போய் ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தது. குடிச் சோதனைக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குப் பழைய கருவியைப் பார்க்க வேண்டும்.

அது ஒரு விரல் நீளக் கண்ணாடிக் குழாய். உள்ளே மஞ்சள் நிறப் பளிங்குத் துகள்கள். ஒரு முனையில் வாய் வைத்து ஊத வேண்டும். மறுமுனையில் ஒரு பை கட்டியிருக்கும். ஊத ஊதப் பை உப்பும். பை முழுதாக உப்பியதும் குழாயைப் பார்ப்பார்கள். மூச்சில் மதுசாரம், அதாவது அற்ககோல், இருந்தால் மஞ்சள் பச்சையாக மாறத் தொடங்கும். குழாயில் கீறியிருக்கும் கோட்டைப் பச்சை தாண்டிவிட்டால் ஆள் மாட்டினார். ஏ.எல். இரசாயனவியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அமிலம் சேர்த்த பொற்றாசியம் இருகுரோமேற்றில் அற்ககோலைச் சேர்த்தால் செம்மஞ்சள் பச்சையாகும் என்று ரியூசன் வகுப்பில் மனப்பாடம் செய்தது இதைத்தான். பையின் வேலை ஒன்றே ஒன்று: குழாய்க்குள்ளால் போன காற்று எவ்வளவு என்று அளந்து கொடுப்பது. அரைகுறையாக ஊதினால் பை உப்பாது, உப்பாவிட்டால் திரும்ப ஊத வேண்டும். விசயம் முழுக்கக் குழாய்க்குள் நடக்க, சனம் கண்ணில் பட்ட பையின் பெயரைச் சோதனைக்கு வைத்துவிட்டது.

அப்படிப் பார்த்தால் எங்கள் ‘பலூன்’ பிரெத்தலைசரைவிடப் பழைய கருவிக்கு உரிய பெயர். அமெரிக்காவின் இந்தியானாவில் ரொல்லா ஹார்கர் என்ற பேராசிரியர் 1930களில் ஒரு கருவியைச் செய்து 1936இல் காப்புரிமை பெற்றார். அதில் உண்மையாகவே ஒரு றப்பர் பலூன் இருந்தது. ஆளைப் பலூனுக்குள் ஊத வைத்து, பிறகு அந்தக் காற்றை ஊதா நிறப் பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலுக்குள்ளால் விடுவார்கள். நிறம் போவதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அதே இந்தியானாவில் பொலிஸ் துறையைச் சேர்ந்த றொபேட் போர்கன்ஸ்ரைன் 1954இல் செய்த இன்னொரு கருவிக்குத்தான் ‘பிரெத்தலைசர்’ என்று பெயர். மூச்சு, பகுப்பாய்வு என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டிய வணிகப் பெயர் அது. நாளடைவில் எந்தக் கருவிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. 1974இல் வேல்ஸ்காரரான ரொம் பரி ஜோன்ஸ் இலத்திரனியல் கருவியைக் கொண்டு வந்தார். அதற்குக் குழாயும் வேண்டாம், பையும் வேண்டாம்.

ஹார்கர் தன் கருவிக்கு வைத்த ‘ட்ரங்கோமீற்றர்’ என்ற பெயரை யாழ்ப்பாணத் தமிழில் சொன்னால் ‘வெறிமானி’ என்று வரும். கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனை பற்றிய குழப்பத்தில் பாதி அந்தப் பெயருக்குள்ளேயே கிடக்கிறது.

எங்கள் ஊரில் குடித்து மயங்குவதற்கு நாளாந்தச் சொல் ‘வெறி’. “ஆள் நல்ல வெறி”, “வெறி இன்னும் முறியேல்லை” என்போம். எப்போதும் குடியில் இருப்பவர் வெறிக்குட்டி. தமிழ்நாட்டில் வெறி என்றால் ஆவேசம், மூர்க்கம், வெறிநாய் என்பார்கள். நாங்கள் அதை விசர்நாய் என்கிறோம். பைத்தியத்துக்கு ‘விசர்’ என்று தனியே ஒரு சொல் இருந்ததால் ‘வெறி’ இங்கே குடிக்கு ஒதுங்கிவிட்டது என்று எனக்குப் படுகிறது. சங்கப் பாடல்களில் வெறி என்பது முருகன் ஏறி ஆடும் ஆட்டம். முருகனின் பூசாரியான வேலன் ஆடுவது வெறியாட்டு. அதே சொல்லுக்கு நறுமணம் என்ற பொருளும் உண்டு. மணம், சாமியாட்டம், மூர்க்கம், குடிமயக்கம் என்று ஒரு சொல் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. மணத்தை விட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் பொதுவானது, ஆள் தன் வசத்தில் இல்லை என்பது. வெறி என்பது வெளியே தெரிகிற நிலை: கால் தள்ளாட வேண்டும், நாக்குக் குழற வேண்டும், சத்தம் போட வேண்டும்.

பலூன் பார்ப்பது அதை இல்லை. அது பார்ப்பது அளவை. மறித்த இடத்தில் வழக்கமாக நடக்கிற வாதம் இங்கேதான் பிழையாகிறது.

“சேர், எனக்கு வெறியே இல்லை. வேணுமெண்டா நேரா நடந்து காட்டுறன்.”

“நடக்கத் தேவையில்லை ஐயா. ஊதுங்கோ.”

ஐயா சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நாளாந்தம் குடித்துப் பழகியவர் ஓலையில் கோலிய பிளாவில் மூன்று தரம் கள்ளு உள்ளே போன பிறகும் கோடு போட்ட மாதிரி நடப்பார். ஆனால் குறுக்கே மாடு பாயும்போது பிரேக்கை அமத்த எடுக்கும் நேரம் அவருக்கும் கூடியிருக்கும். அது நடையில் தெரியாது, அவருக்கும் தெரியாது. இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அதன் 151ஆம் பிரிவு வெறியைப் பற்றிப் பேசவில்லை. மதுசாரமோ போதைப்பொருளோ உட்கொண்ட பின் வாகனம் செலுத்தக் கூடாது என்கிறது. எவ்வளவு இருந்தால் உட்கொண்டதாகக் கொள்வது என்பதற்கு வைத்திருக்கும் அளவு, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். பேச்சில் 0.08 என்பது இதுதான். பிரித்தானியா 1967இல் சட்டமாக்கியதும் இதே 80. நோர்வே அதற்கும் முன்னே, 1936இலேயே 50 என்று வைத்துவிட்டது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் 30. இங்கே ஊதித் தப்பிய ஒருவர் அதே மூச்சோடு இராமேஸ்வரத்தில் மாட்டலாம். போர்கன்ஸ்ரைன் தன் கருவியோடு நிற்காமல் மிச்சிகனில் உள்ள கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் விபத்தில் சிக்கிய சாரதிகளையும் சிக்காதவர்களையும் ஒப்பிட்டு 1964இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். 80ஐத் தாண்டினால் விபத்துக்கான வாய்ப்புக் கிடுகிடுவென ஏறுவதை அது காட்டியது. அதற்குக் கீழே ஒன்றும் ஆகாது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, அதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இரத்தத்தில் இருப்பதை மூச்சு எப்படிச் சொல்கிறது? இரத்தம் நுரையீரலுக்குள் ஓடும்போது மதுசாரத்தில் கொஞ்சம் அங்குள்ள காற்றில் கலக்கும். அந்தக் காற்றில் 2100 மில்லிலீற்றரில் இருப்பதும் இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றரில் இருப்பதும் ஏறத்தாழச் சமம் என்று வைத்துத்தான் பெரும்பாலான கருவிகள் கணக்குப் போடுகின்றன. அதனால்தான் “இன்னும் ஊது, இன்னும் ஊது” என்று கடைசி மூச்சு வரைக்கும் விடமாட்டார்கள். அடிநெஞ்சுக் காற்றுத்தான் அவர்களுக்கு வேண்டும். வெற்றிலை, ஏலக்காய், கொய்யா இலை, மின்ற் இனிப்பு எல்லாம் பக்கத்தில் நிற்பவரின் மூக்கைத்தான் ஏமாற்றும். கருவிக்கு மணம் தேவையில்லை.

நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்கள் அதிகம் பிழை விடுவது அதில். இரத்தத்தில் ஏறியது பொதுவாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இறங்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். தேசிக்காய்த் தண்ணீரோ கிணற்றடிக் குளிப்போ அதை வேகப்படுத்தாது. கலியாண வீட்டில் இரவு 12 மணிக்கு 150இல் நின்ற ஒருவர், விடிய நாலு மணிக்கு எழும்பி, முகம் கழுவி, பிளேன்ரீ குடித்து, சொந்தக்காரரை ஏற்றிக்கொண்டு வானில் கொழும்புக்கு வெளிக்கிடுகிறார் என்று வையுங்கள். வெறி முறிந்துவிட்டது என்று அவர் நம்புவார். பலூன் இன்னும் 90 என்று சொல்லும். ஏ9 வீதி ‘காப்பெற்’ போட்டு வழுவழு என்று கிடக்கிறது. பள்ளமும் திட்டியுமாக இருந்த காலத்தில் வீதியே வேகத்தைப் பார்த்துக்கொண்டது. இப்போது அந்தப் பொறுப்புச் சாரதியின் கையில்.

பிடிபட்டால் அந்த இடத்தில் துண்டு வாங்கித் தபாற்கந்தோரில் காசு கட்டி முடிக்கிற குற்றமில்லை இது. நீதவான் முன்னால் போய் நிற்க வேண்டும். தண்டப்பணம் குறைந்தது 25,000 ரூபா, அதோடு சாரதி அனுமதிப்பத்திரத்தையும் குறிப்பிட்ட காலத்துக்கு இடைநிறுத்தலாம். ஊதமாட்டேன் என்று மறுப்பதும் தப்புவதற்கு வழியில்லை, அதுவும் குற்றந்தான். சித்திரைப் புத்தாண்டு, நத்தார் என்று வந்தால் நாடு முழுக்கப் பலூன் கூடும். அந்த நாட்களில் மட்டும் ஓட்டோ பிடித்துப் போகிற நல்ல பழக்கம் நம்மவர் பலருக்கு உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? இந்தக் கருவிக்கு ‘சுவாசமானி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது நுரையீரலின் கொள்ளளவு பார்க்கும் கருவிக்குப் பொருந்துகிற பெயர். ஆஸ்துமாக்காரர் ஊதுவதும் இதுவும் ஒன்றாகிவிடும். ‘மூச்சுப் பகுப்பாய்வி’ ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது. பிழையில்லை, ஆனால் எதைப் பகுக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிடுகிறது. வெறிமானி ஏன் ஆகாது என்று மேலே பார்த்தோம். என் தெரிவு ‘மதுசாரமானி’. வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது, பாரமானி வளியின் அமுக்கத்தை அளக்கிறது, இது மதுசாரத்தை அளக்கிறது. மதுசாரம் என்ற சொல் இலங்கைத் தமிழுக்குப் பழக்கமானது. அரசாங்கத் திணைக்களம் முதல் சுவரொட்டி வரை அதைத்தான் எழுதுகிறார்கள். ‘மது’வுக்கு முதற்பொருள் தேன், சாரம் என்றால் பிழிந்தெடுத்த சத்து. அல்ககோல் என்ற சொல்லின் கதை இன்னும் விசித்திரம். அரபியில் ‘அல் குஹ்ல்’ என்றால் கண்ணுக்குத் தீட்டும் மை. நுண்ணிய பொடி என்ற பொருளில் ஐரோப்பாவுக்குப் போய், பிறகு எதிலிருந்தும் பிரித்தெடுத்த சாரம் என்றாகி, கடைசியில் வைனின் சாரத்தில் நிலைத்தது. ஆக, அந்தச் சொல் சுற்றி வந்து சேர்ந்த இடமும் சாரந்தான். கண்மையில் தொடங்கியது கண் மங்குவதில் முடிந்தது என்று பட்டிமன்றக்காரர் யாராவது பகிடி விடலாம்.

சோதனைக்கு ‘மூச்சுச் சோதனை’ போதும். மூச்சு இருக்கச் சுவாசம் எதற்கு? பலூனையும் விரட்டத் தேவையில்லை. போத்துக்கேயரிடம் வாங்கிய ‘தவறணை’ எத்தனை தலைமுறையாக எங்கள் கள்ளுக்கடைக்குப் பெயராக இருக்கிறது! தவறணைக்குப் போனவர் திரும்பும் வழியில் பலூன் ஊதுகிறார் என்ற வசனத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் ஐரோப்பாவுடையவை. அதைக் கேட்டு விளங்காத யாழ்ப்பாணத்தான் இருக்க மாட்டான். நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் மதுசாரமானி, வாய்ப்பேச்சில் பலூன் என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

அறிவித்தல் பலகைகளில் ‘மதுபோதையில் வாகனம் செலுத்தாதீர்’ என்று எழுதுவதைத்தான் மாற்ற வேண்டும். போதை என்ற சொல்லைப் படித்ததும் “அது எனக்கில்லை” என்று அவனவன் தாண்டிப் போகிறான். ‘மது அருந்தினால் வாகனம் செலுத்தாதீர்’ என்பது சட்டத்துக்கும் நெருக்கம், சாரதி தனக்குத்தானே விலக்கு அளித்துக்கொள்ளவும் இடம் விடாது.

பலூனுக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. கஞ்சா அதற்குத் தெரியாது. தடிமனுக்குப் போடும் மாத்திரையின் தூக்கம் தெரியாது. இரவு முழுக்க ஓடி மாங்குளத்தடியில் கண் சொருகுகிற சாரதியையும் அது சுத்தமானவன் என்றே சொல்லும். 151ஆம் பிரிவில் போதைப்பொருள் என்ற சொல் இருந்தாலும் அதை மூச்சில் பிடிப்பது கடினம். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் 2004இலேயே வீதியில் வைத்து உமிழ்நீரைச் சோதிக்கத் தொடங்கிவிட்டது. நாக்கில் ஒரு சிறு பட்டையைத் தடவி எடுத்தால் கஞ்சாவும் தெரியும், வேறு சிலதும் தெரியும். அந்தக் கருவி எங்கள் சந்திகளுக்கு வரும்போது அதிகாரிகள் ‘உமிழ்நீர்ப் பரிசோதனை’ என்று அழகாக எழுதுவார்கள். ஊர் அதற்கு ‘துப்பல் ரெஸ்ற்’ என்று பெயர் வைக்கும், பந்தயம் கட்டலாம்.